அத்தை வீடு அயல்நாட்டில்

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார். துபாய், சிங்கப்பூர், டல்லாஸ் என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் கொஞ்சம் அலட்சியமாகத்தான் கேட்டுக்கொள்வேன். எங்கள் குடும்பம் இந்தியா சுதந்திரம் அடைவதற்கு முன்பே வெளிநாட்டில் சம்பந்தம் செய்த குடும்பம். அதற்குக் கப்பலும் தேவைப்படவில்லை, விமானமும் தேவைப்படவில்லை. கடப்பாக்கத்தில் விடியற்காலையில் கட்டுச்சோற்றோடு கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் பிரெஞ்சு தேசம் போய்ச் சேரலாம். என் அப்பாவின் தங்கையை அங்கேதான் கொடுத்திருந்தது.

மரக்காணம் வரைக்கும் பக்கிங்காம் கால்வாயில் படகு. உப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு மதராசுக்குப் போன படகுகள் திரும்பி வரும்போது ஆளையும் ஏற்றிக்கொள்ளும். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுப்பார்கள். கால்வாய் மரக்காணத்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் மாட்டு வண்டி. சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, பனைமரங்கள். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போனால் கனகசெட்டிக்குளம். அங்கே பிரெஞ்சிந்தியா ஆரம்பம். மண் அதே மண், பனை அதே பனை. மாடுகூட நிற்காமல்தான் நடக்கும். நாங்கள்தான் நிற்க வேண்டும்.

ஏனென்றால் அங்கே சாவடி இருந்தது. நான் பார்த்த காலத்தில் அது ஒரு கீற்றுக் கொட்டகை, சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், மூங்கிலைத் தூக்கி இறக்க ஓர் ஆள். இந்தப் பக்கம் இந்திய சர்க்காரின் சுங்கச் சிப்பந்திகள். அந்தப் பக்கம் சிவப்புக் குல்லா வைத்த பிரெஞ்சு சிப்பாய். குல்லாவைப் பார்த்துவிட்டு அவனை வெள்ளைக்காரன் என்று நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் அத்தை வீட்டுக்காரருக்கு அவன் பங்காளி முறை.

அந்த எல்லையை நேர்கோடாக எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரி என்பது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாற்றி மாற்றிப் பிடித்ததிலும் விட்டதிலும் மிஞ்சிய துண்டுகள் அவை. இன்றைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து போகிறவர் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரிக்குள் நுழைந்து, காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி தாண்டியதும் மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்து, பொம்மையார்பாளையம், முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் வழியாகப் போய், முத்தியால்பேட்டையில் திரும்பவும் புதுச்சேரிக்குள் நுழைகிறார். பெட்ரோல் பங்கின் விலைப் பலகையையும் ஒயின்ஷாப்பின் விளக்கு அலங்காரத்தையும் பார்த்துத்தான் எந்த ஆட்சியில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு இதே வழியில் போனவன் இரண்டு தேசங்களுக்குள் மூன்று தடவை எல்லை தாண்டினான்.

1941-லிருந்து பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் நடுவே சுங்க ஒப்பந்தம் ஒன்று இருந்ததால் மூங்கில் அநேகமாகத் தூக்கியபடியே இருந்ததாம். 1949-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. இந்திய சர்க்கார் புதுச்சேரியைச் சுற்றிச் சுங்க வேலி போட்டது. மூங்கில் இறங்கிற்று. அதோடு எங்கள் அத்தைக்கு உடல்வாகு மாற ஆரம்பித்தது.

பிறந்த வீட்டுக்கு வரும்போது அத்தை பருமனாக வருவார். திரும்பிப் போகும்போது ஒல்லியாகிவிடுவார். அவர் மட்டுமில்லை, அந்த ஊரிலிருந்து வந்த பெண்கள் பலருக்கும் இந்த நோய் இருந்தது. சேலைக்குள் சேலை, அதற்குள் இன்னொரு சேலை, இடுப்பு மடிப்பில் சென்ட் புட்டி, கொண்டைக்குள் கைக்கடிகாரம். புதுச்சேரித் துறைமுகத்தில் வந்து இறங்கும் சீமைச் சாமான்களுக்கு அங்கே வரி சொற்பம். இங்கேயோ இறக்குமதிக் கட்டுப்பாடு. பெண்களைத் தொட்டுச் சோதிக்க ஆண் சிப்பந்திக்குத் தைரியம் கிடையாது.

“இன்னாம்மா கூடையில?”

“அண்ணன் வூட்டுக்குப் போறேன். அதிரசம்.”

அதிரசம் இருக்கும். ஒன்றை எடுத்துக் கொடுக்கவும் செய்வார். அதன் அடியில் டார்ச் விளக்கு இருக்கும். இங்கேயிருந்து திரும்பும்போது கூடையில் என்ன இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்: அரிசி. மதராஸ் ராஜதானியில் அப்போது ரேஷன் காலம். ராஜாஜி 1952-ல் உணவுக் கட்டுப்பாட்டை எடுக்கும்வரை சொந்த வயல் நெல்லைக்கூட நினைத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே அத்தை வரும்போது பிரான்சின் சட்டத்தை மீறவில்லை, போகும்போதும் மீறவில்லை. இரண்டு தடவையும் மீறியது எங்கள் சட்டத்தைத்தான்.

எங்கள் தாத்தாவுக்கு வந்தது வேறு சரக்கு. 1937-ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் ராஜதானி முழுவதற்கும் வந்துவிட்டது. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் அது கிடையாது. தாத்தாவுக்கு மூட்டு வலி. அத்தை கொண்டுவரும் கஷாயத்தில்தான் அது அடங்கும். புட்டியின் வாயைத் துணியால் கட்டி மேலே மஞ்சள் தடவியிருக்கும். அவர் அதைக் குடித்துவிட்டுக் காந்தியைப் பற்றி மிகுந்த மரியாதையோடு பேசுவார்.

பெரிய மனிதர்களும் இந்த எல்லையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். இங்கே ராஜத்துரோகம் ஆகும் எழுத்து அங்கே அச்சாகும். ஆனால் அந்தப் பத்திரிகை இங்கே வந்தால் பறிமுதல். பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைத் தாண்டிய உடனே கைதானார். கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். சேலைக்குள் மறைத்துக்கொண்டு வர முடியாத சரக்கை அவர் தலைக்குள் வைத்துக்கொண்டு வந்ததுதான் குற்றம். இப்போது அவர் வாழ்ந்த வீடு நினைவில்லம். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் நேரம் மிச்சமிருந்தால் அதையும் பார்க்கிறார்கள்.

எங்கள் கடப்பாக்கத்துக்கும் பிரெஞ்சுக்காரர் ஆகும் வாய்ப்பு வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஊருக்குக் கிழக்கே, கழிமுகத்தை ஒட்டி இடிந்து கிடக்கிறதே ஆலம்பரைக் கோட்டை, அதை 1750 வாக்கில் தக்காண சுபேதார் முசாபர் ஜங் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் கொடுத்தார். பத்து வருஷம் பிரெஞ்சுக் கொடி பறந்தது. நாணயச் சாலைகூட இருந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கோட்டை தப்பியிருந்தால் மூங்கில் எங்கள் பேருந்து நிறுத்தத்திலேயே இருந்திருக்கும். தாத்தா அத்தையை எதிர்பார்க்க வேண்டியிருந்திருக்காது.

இன்னும் வடக்கே போனால் சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர் கோட்டை. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் சண்டையைப் பேசித் தீர்க்க அங்கேதான் கூடினார்கள். சென்னையும் வேண்டாம், புதுச்சேரியும் வேண்டாம், நடுவில் மூன்றாம் தேசத்து மண்ணில் பேசலாம் என்று ஏற்பாடு. பேச்சு முறிந்தது. டூப்ளே அந்த வருஷமே பிரான்சுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மாமல்லபுரத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் மூன்று ஐரோப்பிய தேசங்கள் எல்லை வைத்துக்கொண்டிருந்த கரை இது. இன்று அந்த டச்சுக் கோட்டைக்குள் யார் வேண்டுமானாலும் போகலாம், ஆடும் போகலாம். உள்ளே விடாமல் அடையாள அட்டை கேட்கிற ஒரே இடம் பக்கத்திலிருக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையம்தான்.

சதுரங்கப்பட்டினத்தில் தீராதது, சரியாக இருநூறு வருஷம் கழித்துக் கீழூரில் தீர்ந்தது. 1954 மார்ச் கடைசியில் நெட்டப்பாக்கத்தில் எதுவார் குபேர் இந்தியக் கொடியை ஏற்றினார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புவரை பிரெஞ்சுக்காரருக்கு வேண்டியவராக இருந்தவர் அவர். நெடுங்காலமாக எதிர்த்துப் போராடிய வ. சுப்பையா வேறொரு பக்கம். அந்தச் சில மாதங்களில் மூங்கிலைத் தாண்டுவது பெரும்பாடு. அத்தை வரவில்லை. அதிரசமும் வரவில்லை. தாத்தாவுக்கு மூட்டு வலி திரும்ப வந்தது.

1954 அக்டோபர் 18-ந்தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாமென்று 8 பேர். நவம்பர் 1-ந்தேதி நிர்வாகம் கைமாறிற்று. அந்த எட்டுப் பேரில் யாரும் எங்கள் சொந்தக்காரர் இல்லை என்று அத்தை வீட்டுக்காரர் அடித்துச் சொல்வார். சொந்தக்காரர் இருந்தால் என்ன தப்பு என்று அத்தை கேட்பார். எல்லை போனால் வியாபாரம் போய்விடுமே என்பது அவர் கவலை.

போன எல்லை முழுசாகவும் போகவில்லை. ஒப்பந்தம் 1956 மே மாதத்தில் கையெழுத்தானாலும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுக்க 1962 ஆகிவிட்டது. ஆகஸ்ட் 16-ந்தேதிதான் சட்டப்படியான இணைப்பு. ஏறக்குறைய எட்டு வருஷம் அத்தை இருந்தது சட்டத்தில் பிரான்ஸ், நடப்பில் இந்தியா. அந்த எட்டு வருஷத்தில் பொழுதெல்லாம் வீட்டில் இதே விவாதம். நான் மாமாவிடம் கேட்டேன்: “இப்போ நீங்க எந்த நாடு மாமா?” “சம்பளம் எவன் குடுக்கறானோ அந்த நாடு” என்றார்.

இணைப்பு முடிந்ததும் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். மாமா எழுதிக் கொடுக்கவில்லை. பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த அவருடைய அண்ணன் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தின் கனம் அப்போது யாருக்கும் தெரியவில்லை. இன்று அண்ணன் வகையறா பாரிஸ் புறநகரில் இருக்கிறது. விடுமுறையில் புதுச்சேரிக்கு வந்து வெயில் அதிகம் என்கிறது. ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு கிழவி பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே ஓட்டுப் போடுகிறார். தம்பி வகையறா காலாப்பட்டில் இருக்கிறது. ஒரே முற்றத்தில் பிறந்தவர்களைப் பிரித்தது மூங்கில் இல்லை, எழுதிக் கொடுத்த ஒரு மனு.

கனகசெட்டிக்குளத்தில் மூங்கில் போய்ச் சேர்ந்தது. அதன் இடத்தில் எதுவும் வராது என்று நாங்கள் வெள்ளந்தியாக எண்ணியிருந்தோம். ஆனால் மதுவிலக்கு இந்தப் பக்கம் இருந்தது, அந்தப் பக்கம் இல்லை. 1971-ல் தமிழ்நாட்டில் கடையைத் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது. 2003-லிருந்து சில்லறை விற்பனையும் அரசாங்கமே செய்கிறது. சரி, இப்போது இரண்டு பக்கமும் கடை இருக்கிறது, இனி என்ன என்று நினைத்தால், வரி வேறு. ஆகவே விலை வேறு. ஆகவே சாவடி. மூங்கிலுக்குப் பதில் இரும்புத் தடுப்பு, கீற்றுக்குப் பதில் தகரம், சுங்கச் சிப்பந்திக்குப் பதில் மதுவிலக்குப் போலீஸ்.

போன வருஷம் என் பேரன் காரில் என்னைக் காலாப்பட்டுக்கு அழைத்துப்போனான். அத்தை பேத்தி வீட்டில் காதணி விழா. கால்வாய்ப் படகிலும் மாட்டு வண்டியிலும் ஒரு பகலைத் தின்ற வழி இப்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சவுக்குத் தோப்பு நின்ற இடங்களில் ரிசார்ட். காலாப்பட்டில் 1985-ல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், அதற்குச் சற்று தூரத்தில் மத்தியச் சிறை. எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் நடமாடுகிறார்கள். அயல்நாடாக இருந்தபோது தமிழ் மட்டும் கேட்ட ஊரில், உள்நாடு ஆன பிறகு மலையாளமும் இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன.

திரும்பும்போது சாவடியில் நிறுத்தினார்கள். பேரன் வயதுப் போலீஸ்காரர்.

“எங்கேர்ந்து சார் வர்றீங்க?”

“அத்தை வீட்டிலிருந்து.”

“டிக்கியைத் திறங்க.”

திறந்தோம். தாம்பூலப் பை, பலகாரத் தூக்கு. தூக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அதிரசம். அடியிலும் அதிரசமே. ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான். அத்தையின் வம்சம் இவ்வளவு யோக்கியமாகிவிட்டதே என்று.

“எடுத்துக்குங்க தம்பி” என்றேன். “டூட்டில இருக்கேன் பெரியவரே” என்றார். சர்வதேச எல்லையில் இருந்த சிப்பந்தி வாங்கிக்கொண்ட அதிரசத்தை மாநில எல்லையில் இருந்தவர் வாங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நாம் முன்னேறிவிட்டோம் என்பதைப் பதிவு செய்யத்தான் வேண்டும்.

சாவடியைவிட்டுக் கொஞ்சம் வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-லிருந்து மறுவாழ்வு முகாம் என்று பெயர். உண்மையான சர்வதேச எல்லையைக் கடலில் தாண்டி வந்தவர்கள் அவர்கள். தலைமுறை கடந்தும், குடியுரிமை இல்லாமல், அழிக்கப்பட்ட ஒரு சர்வதேச எல்லைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். எங்கள் மாமாவுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்து எந்த நாடு வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்கள் கேட்டன. இங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் ஒரு அரசாங்கம்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மலிவைத் தேடிப் போகிற வழியெல்லாம் புதுச்சேரியில் முடிவதில்லை. 2023 மே மாதத்தில் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும், எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர் வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. டாஸ்மாக்குக்கும் காசு போதாது, புதுச்சேரி போகவும் முடியாது என்ற கூலிக்காரர்களே அதில் அதிகம். தாத்தாவின் கஷாயத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்கிற எனக்கு அந்த வாரம் சிரிப்பு வரவில்லை.

பழைய மூங்கில் ஒரே ஒரு தடவை உயிரோடு வந்ததைப் பார்த்தேன். 2020, கொரோனா. புதுச்சேரிக்குப் போகவும் வரவும் இ-பாஸ். அத்தை பேத்தியின் மாமியார் இறந்ததற்குப் போக முடியவில்லை. வாட்ஸாப்பில் அழுதோம். 1954-ல்கூடச் சாவுக்கு மூங்கிலைத் தூக்கினார்கள். கொரோனா வந்த அந்த 2020 மே மாதத்தில் இன்னோர் அதிசயம் நடந்தது. புதுச்சேரி அரசு மதுவுக்குச் சிறப்பு வரி போட்டது. இரண்டு பக்கமும் விலை ஏறக்குறைய ஒன்றாயிற்று. ஒப்பந்தமும் வாக்கெடுப்பும் செய்ய முடியாததை ஒரு வரி உத்தரவு செய்துவிட்டது: கனகசெட்டிக்குளம் உண்மையிலேயே ஒரு சாதாரண ஊராக ஆனது. வண்டி நிற்கவில்லை, வரிசை நிற்கவில்லை, வருமானமும் நிற்கவில்லை. ஒரு வருஷம் தாங்கவில்லை. 2021 ஏப்ரலில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். எல்லை மறுபடி பிழைத்தது.

நான் பிறந்த வீட்டைவிட்டு நகராமலே செங்கல்பட்டு, செங்கை எம்.ஜி.ஆர்., காஞ்சிபுரம், மறுபடி 2019-ல் செங்கல்பட்டு என்று மாவட்டம் மாறியவன். ஆகவே வரைபடத்துக் கோடுகளிடம் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் விலை வேறாக இருந்தால் அது எல்லை. விலை ஒன்றானால் வெறும் தரை. நேருவும் பிரெஞ்சுப் பிரதமர் மெண்டெஸ் பிரான்ஸும் பேசிக் கொடியை மாற்றினார்கள், அது பெரிய காரியம். விலையை ஒன்றாக்குவது அதைவிடச் சின்னக் காரியம், இரண்டு நிதித்துறைச் செயலாளர்கள் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். உட்கார மாட்டார்கள். கனகசெட்டிக்குளத்தில் கடை வைத்திருப்பவரும், அங்கேயிருந்து வருகிற வண்டியின் டிக்கியைத் திறந்து பார்ப்பவரும், நடுவில் எப்படியோ கொண்டுவந்து சேர்ப்பவரும் ஆக மூன்று பேர் அந்த வித்தியாசத்தில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அத்தை இருந்திருந்தால் நாலாவது ஆளாகச் சேர்ந்திருப்பார்.